பஸ் ஸ்டாண்டுக்கு ஐந்து நிமிடம், கோட்டைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்!

இன்டர்வியூ, தேர்வு, பயிற்சி என்று தர்மபுரியில் இரண்டு மூன்று நாள் தங்க லேடீஸ் ஹாஸ்டல் தேடுகிற பெண்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் அனுப்புங்கள். நான் அட்வான்ஸை அனுப்பிவிட்டுத்தான் மற்றதையெல்லாம் விசாரித்தேன்.

தங்கை மகளுக்கு வியாழக்கிழமை தர்மபுரியில் இன்டர்வியூ. துணைக்கு நான். பள்ளியில் வரலாறு எடுக்கிறவள் என்பதால் எனக்கு உள்ளூர ஓர் ஆசையும் இருந்தது. அதியமான் ஆண்ட தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியைப் பார்க்க வேண்டும், பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்த வட்டாரத்தின் கோட்டைகளில் ஒன்றிலாவது ஏற வேண்டும். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போன பகுதி என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், ஒரு கல்லைக்கூடத் தொட்டதில்லை. வெள்ளிக்கிழமை சுற்றிவிட்டு சனிக்கிழமை கிளம்புவதாகத் திட்டம்.

விளம்பரத்தில் 'பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிடம், நாள் வாடகை உண்டு, வீட்டுச் சாப்பாடு' என்று இருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 ரூபாய். மூன்று நாளைக்கு இரண்டு பேருக்கு 2,400, அதோடு திருப்பித் தரப்படும் டெபாசிட் 1,000. ஜிபேயில் அனுப்பினேன். பணம் போனது ஹாஸ்டல் பெயருக்கு அல்ல, யாரோ ஒரு தனி ஆளின் பெயருக்கு. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மேப்பில் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். அவர்கள் அனுப்பிய லொகேஷன் நான்கு ரோடு பக்கம், ஊர் நடுவில் காட்டியது. புதன் இரவு சேலம் தாண்டி தொப்பூர் கணவாயில் பஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது வார்டன் போன் செய்தார். "மேடம், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகாதீங்க. முன்னாடியே பைபாஸ்ல இறங்கிடுங்க, நம்ம ஆட்டோ நிக்கும்." பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஹாஸ்டலுக்கு எதற்குப் பைபாஸில் இறங்க வேண்டும்? அந்தக் கேள்வி எனக்கு அப்போது வரவில்லை. இருட்டில் நாலைந்து திருப்பம் திரும்பிய ஆட்டோவுக்கு 250 ரூபாய். மறுநாள் இன்டர்வியூவுக்கு ஊருக்குள் போக 300, வர 300. கேட்டதற்கு, "ஐந்து நிமிஷம்னா வண்டியில மேடம்" என்றார் வார்டன். வண்டியிலும் இருபது நிமிடம் ஆனது. லொகேஷனைப் பற்றிக் கேட்டால் "அது பழைய பிராஞ்ச்" என்று பதில். வந்து சேர்ந்த பிறகாவது நான் மேப்பைத் திறந்து நிற்கும் இடம் எது என்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அது என் தவறு.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரவு எட்டுக்கு மேல் போனால் ரசம் மட்டும்தான்.

இனிதான் முக்கியமான விஷயம். வியாழன் மாலை வார்டனே பேச்சைத் தொடங்கினார். கோட்டை கோயில், கிருஷ்ணகிரி கோட்டை, அங்குள்ள அருங்காட்சியகம், ராயக்கோட்டை, கடைசியாக அதியமான்கோட்டை ஊரிலுள்ள கோயில்கள், எல்லாம் சேர்த்து கார் 3,200 ரூபாய். "அதியமான்கோட்டைக்கு மட்டுமே இங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் மேடம், பஸ்ல போனா நாள் போயிடும்" என்றார். நம்பினேன்.

தர்மபுரி கோட்டை கோயிலில் குறை சொல்ல முடியாது. மல்லிகார்ஜுனர் கோயில் மண்டபத்தில் தொங்கும் தூண், அம்மன் சன்னதியின் அடித்தளத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டியாக ராமாயணச் சிற்பங்கள். என்னை விட்டிருந்தால் அங்கேயே பொழுதைக் கழித்திருப்பேன். ஆனால் 'நுழைவுக் கட்டணம், கேமரா கட்டணம்' என்று டிரைவர் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார், ரசீது வரவில்லை. உள்ளே எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தூணைப் படம் பிடித்துக்கொண்டிருந்த இன்னொரு குடும்பத்திடம் கேட்டேன். "இங்க எதுக்குங்க டிக்கெட்?" என்றார்கள்.

கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்தால் அருங்காட்சியகத்தில் பூட்டு. அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் தினமும் ஆட்களைக் கூட்டிப்போகிறவருக்குத் தெரியாதா? கோட்டையில் ஏற நேரமில்லை என்று காருக்குள் இருந்தபடியே மலையைக் கை காட்டினார். ராயக்கோட்டை "ரோடு சரியில்லக்கா". பதிலாக அணைக்குக் கூட்டிப்போய் மீன் வறுவல் கடை வாசலில் நிறுத்தினார். கடைக்காரர் அவருக்குத் தனியாக ஒரு தட்டு நீட்டியதைப் பார்த்து என் தங்கை மகள், "பெரியம்மா, இதுவும் பேக்கேஜா?" என்றாள்.

அதியமான்கோட்டைக்குப் பொழுது சாய்ந்த பிறகு வந்தோம். காலபைரவர் கோயிலில் விளக்கு எரிந்தது, கும்பிட்டோம். நான் பார்க்க வந்த சென்றாயப் பெருமாள் கோயில் பூட்டியிருந்தது. அங்கிருந்து ஹாஸ்டலுக்கு வர டிரைவர் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை சமையல்கார அம்மாவிடம் புலம்பினேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, நம்ம பைரவர் கோயிலுக்கா கார் வச்சீங்க? பின்னால தெருவுல நடந்தா கால் மணி நேரம்." அப்போதுதான் மேப்பைத் திறந்தேன். நாங்கள் மூன்று இரவு படுத்திருந்ததே அதியமான்கோட்டைப் பக்கத்தில்தான். பஸ் ஸ்டாண்டுதான் ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

நடந்தே போனோம். பெருமாள் கோயில் திறந்திருந்தது. மண்டபத்துக் கூரையில் மங்கிப்போன ஓவியங்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, டவுன் பஸ்ஸில் ஏறினோம். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ். கண்டக்டர் பூஜ்யம் ரூபாய் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபோது 3,200 ரூபாய் ஞாபகம் வந்து வயிறு எரிந்தது.

டெபாசிட் வரவில்லை. '24 மணி நேரம் முன்னால் சொல்லாமல் காலி செய்தீர்கள்' என்று பிடித்துக்கொண்டார்கள். மூன்று நாளுக்கென்றே வந்தவர்கள் எதை முன்னால் சொல்வது? பெண்கள் விடுதிகளுக்கு 2014-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதைக் காட்டுங்கள் என்றேன். "அப்ளை பண்ணியிருக்கு மேடம்."

போகிறவர்கள் பணம் அனுப்பும் முன் உரிமத்தின் படத்தைக் கேளுங்கள். இப்போது நிற்கும் இடத்திலிருந்தே வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள். சேலத்தில் பஸ் ஏறும்போது ஊருக்குள் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள், சில பஸ்கள் பைபாஸிலேயே இறக்கிவிடும். ஹாஸ்டல் ஏற்பாடு செய்யும் கார் மட்டும் வேண்டவே வேண்டாம்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபே ஸ்கிரீன்ஷாட், விளம்பரம், வார்டனின் மெசேஜ் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஆயிரம் ரூபாய் திரும்பி வந்தால் வந்து சொல்கிறேன்.