வாட் கணக்கா, டிகிரிக் கணக்கா? முதல் வேப் வாங்குபவருக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு, அதிலும் வேப் (மின் சிகரெட்) சட்டப்படி விற்கும் பிரிட்டன் போன்ற நாடுகளில் இருப்பவர்களுக்கு. இந்தியாவில் 2019 முதல் விற்பனை, இறக்குமதி எல்லாவற்றுக்கும் தடை. சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருந்தாலே குற்றம். சிகரெட் பழக்கமே இல்லாதவருக்கு இது தேவையே இல்லை.

சரி, கடைக்குப் போனால் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு ரகம் இருக்கும். விரல் நீளத்தில், திரவம் அடங்கிய சின்னக் கூட்டைச் செருகும் ஒரு பாட் கருவி. (பாட் என்பதற்கு வேற்றுமை உருபு சேர்த்தால் 'பாடை' ஆகிவிடுகிறது, அதனால் கட்டுரை முழுக்க 'பாட் கருவி'தான்.) பக்கத்திலேயே உள்ளங்கையை நிறைக்கும் பெட்டி வடிவக் கருவி, அதற்குப் பெயர் பெட்டி மாட். அதில் சின்னத் திரை, மெனு, வெப்பநிலையை டிகிரிக் கணக்கில் வைக்கும் வசதி. பார்த்த மாத்திரத்தில் பெட்டிதான் பாதுகாப்பானது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த எண்ணத்தில் பாதி சரி. இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருக்கும்வரை பானைக்கு ஒன்றும் ஆகாது, வற்றினால் அடி பிடிக்கும். வேப்பில் காயில் என்ற கம்பிச் சுருள் சூடாகி, பஞ்சில் ஊறிய நிக்கோட்டின் திரவத்தை ஆவியாக்குகிறது. அந்தத் திரவம் இருக்கும்வரை காயிலின் சூடு ஒரு அளவுக்குள் நிற்கும். மின்சக்தியின் அளவை மட்டும் வைக்கும் சாதாரண வாட் முறையில் பஞ்சு காய்ந்தது கருவிக்குத் தெரியாது. கேட்ட வாட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பஞ்சு கருகி, துணி தீய்ந்த புகை நேராகத் தொண்டைக்குள் போகும். சிகரெட்டை விட்ட இரண்டாம் நாள் அப்படி ஒரு இழுப்பு கிடைத்தால் மனுஷன் பழைய சிகரெட் பெட்டியைத்தான் தேடுவான்.

விஷயம் கமறலோடு முடிவதில்லை. 2015-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு கருவியை 3.3 வோல்ட்டில் இயக்கியபோது தென்படாத ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள் 5 வோல்ட்டில் உருவாவதாக எழுதினார்கள். அந்தச் சூட்டில் மனிதர் யாரும் இழுக்கவே முடியாது என்று எதிர்வாதமும் வந்தது. எப்படியானாலும் கருகவிடாமல் இருப்பது நல்லது என்பதில் தகராறு இல்லை.

வெப்பக் கட்டுப்பாடு அதைத்தான் செய்கிறது. 2014-இல் ஒஹாயோவின் எவால்வ் நிறுவனம் தன் டிஎன்ஏ 40 சிப்பில் இதைக் கொண்டுவந்தது. உள்ளே வெப்பமானி எதுவும் கிடையாது. சூடேறினால் கம்பியின் மின்தடை கூடும். எவ்வளவு கூடியது என்பதை வைத்துச் சூட்டைக் கணக்கிடுகிறது. எனவே எல்லாக் கம்பியும் உதவாது. பாட் கருவிகளில் பரவலாக இருக்கும் காந்தல் (Kanthal) என்ற உலோகக் கலவைக் கம்பியின் மின்தடை சூட்டுக்கு அசைந்தே கொடுக்காது. நிக்கல், டைட்டானியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இவற்றில் ஒன்று வேண்டும்.

புதியவருக்குத் தலைவலி இங்கேதான் ஆரம்பிக்கிறது. 0.15 ஓம் நிக்கல் காயில் 220 டிகிரியில் 0.33 ஓம் ஆகிவிடும், இரண்டு மடங்குக்கும் மேல். 0.5 ஓம் ஸ்டீல் காயிலோ 0.59-ஐத்தான் எட்டும். அந்த 0.09 ஓமை நம்பித்தான் மொத்தக் கணக்கும். காயிலைப் பிடிக்கும் திருகு கொஞ்சம் தளர்ந்து 0.02 ஓம் கூடினாலே கணக்கு நாற்பது டிகிரிக்கு மேல் தப்பிவிடும். மெனுவில் கம்பியை மாற்றிச் சொன்னால் இன்னும் மோசம். ஸ்டீல் காயிலைப் போட்டுவிட்டு நிக்கல் என்று வைத்தால், எட்டவே முடியாத மின்தடைக்காகக் காத்துக்கொண்டு கருவி முழு வேகத்தில் சுடும். திரையில் 220 டிகிரி என்று இருக்கும், வாயில் கருகல் வரும். தலைகீழாக வைத்தால் வெறும் காற்றுதான். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர் அந்தக் கம்பியைத் தொடக்கூடாது, டைட்டானியத்தைத் திரவமின்றிச் சிவக்கக் காய்ச்சக்கூடாது என்று பட்டியல் நீள்கிறது.

பாட் கருவிக்கு இந்தப் பாடம் எதுவும் வேண்டாம். பத்துப் பதினைந்து வாட்டில் மெல்ல எரியும், சிகரெட் போலவே வாயில் இழுத்து உள்ளே விடலாம். பிரிட்டனில் அனுமதிக்கப்படும் உச்சமான மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிக்கோட்டின் திரவத்தையும் அதில் நிம்மதியாக இழுக்க முடிகிறது. புதிதாக விடுபவருக்கு அந்த அளவு தேவைப்படலாம். பெரிய பெட்டி மாட் கருவியில் அதையே ஊற்றினால் தலை சுற்றும். பாட் கருவியிலும் பஞ்சு கருகாமல் இல்லை. ஆனால் பாதிக்குக் கீழே இறங்குமுன் நிரப்பி, புது காயிலைப் போட்டதும் பத்து நிமிடம் ஊறவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். சுவை, காயில் ஆயுள், நுணுக்கமான சரிக்கட்டல் இவற்றில் அது பின்தங்கும், மறுக்கவில்லை.

பெட்டி மாட் கருவிக்குப் பெரும்பாலும் 18650 என்ற உருளை வடிவப் பேட்டரிகளும் தனியாக வேண்டும். உறை கிழிந்த பேட்டரியைச் சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் போடுவது ஆபத்து. இதைக் கடையில் எல்லோரும் சொல்வதில்லை.

கருவிகளை நோண்டுவதில் ஆசை உள்ளவரா? வாட், வெப்பக் கட்டுப்பாடு இரண்டு முறையும் உள்ள பெட்டி மாட் ஒன்றை வாங்கி, முதல் மாதம் வாட் முறையிலேயே ஓட்டுங்கள். பிறகு ஸ்டீல் காயிலுக்கு மாறலாம். மாற்றியதும் காயில் அறை வெப்பநிலைக்கு ஆறும்வரை தொடாமல் இருந்து, அப்புறம்தான் அடிப்படை மின்தடையை, அதாவது ஆறிய காயிலின் மின்தடையை, மெனுவில் பூட்ட வேண்டும். சூடான காயிலைக் குளிர்ந்தது என்று கருவி பதிந்துகொண்டால் அதன்பின் காட்டும் ஒவ்வொரு டிகிரியும் தப்பு. சிகரெட்டை நிறுத்தி இரண்டு நாள் ஆனவரிடம் போய் அந்தப் பொறுமையைக் கேட்டுப் பாருங்கள்.