சிலம்பக்கூடம் கானாடுகாத்தான் வழியில், மாணவி சிங்கப்பூரில்

சிலம்பத்தைக் காணொளியில் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டால், பாதி முடியும் என்பேன். அது எந்தப் பாதி என்று தெரிந்த ஆசானிடம் சேர வேண்டும். காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் போகும் வழியில், பழைய நகரத்தார் வீடு ஒன்றில் அப்படி ஒருவர் சிலம்பக்கூடம் நடத்துகிறார். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். வருகிற பிள்ளைகளுக்கே இடம் போதவில்லையாம். என் பேரன் அங்கே நேரில் போகிறான். சிங்கப்பூரில் இருக்கும் மகள் வயிற்றுப் பேத்தி காணொளியில் படிக்கிறாள். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிறர் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார எனக்கு வராது.

வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். தினம் பெருக்கி விளக்கேற்றி வைத்தால் போதும் என்று குறைந்த வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். நேரில் வரும் பிள்ளைகளுக்குப் பின்கட்டைத் தாண்டிய மண்தரையில்தான் வகுப்பு. அதுதான் சரி. முற்றத்தைச் சுற்றிய வளவில் வரிசையாகத் தூண்கள். நாலு பிள்ளைகள் சேர்ந்து கம்பு வீசினால் தூணுக்கும் ஆபத்து, கைக்கும் ஆபத்து. போதாக்குறைக்கு ஆத்தங்குடிக் கல் வேறு. மிதிக்க மிதிக்க மெருகேறும் தரை அது. அதில் வியர்வை சொட்டினால் கால் வழுக்கும். ஆனால் வானம் பார்த்த முற்றத்திலிருந்து வெளிச்சம் விழுவதால், காணொளி வகுப்பை மட்டும் வளவில் வைத்துக்கொள்கிறார். ஒரு கைப்பேசி, ஒரு முக்காலி, ஆசான் ஒருவர். இடிக்க ஆள் இல்லை.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் காலை ஐந்தரைக்கு வகுப்பு. சிங்கப்பூரில் அப்போது எட்டு மணி. அந்த நேரத்தில் முற்றத்து வெளிச்சம் எங்கே வரும், குழல்விளக்குதான். ஒரு நாள் நான் திண்ணையில் உட்காராமல் உள்ளேயே போய்ப் பார்த்தேன். காலடி சொல்லிக்கொடுக்கும்போது ஆசான் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரே நின்று செய்தால் அவருடைய வலது பிள்ளைக்கு இடதாகிவிடும் என்பது உடற்பயிற்சி வகுப்பு எடுத்த எவருக்கும் தெரியும். ஆனால் முகம் தெரிய வேண்டும் என்ற ஆசையில் பலர் இதைச் செய்வதில்லை. எண்ணிக்கையும் அவர் போடுவதில்லை. இணையத்தில் குரல் ஒரு கணம் பிந்திப் போய்ச் சேரும், கூட எண்ணினால் எல்லாம் குழம்பும் என்று சொல்லி, பிள்ளைகளையே எண்ண விடுகிறார்.

இன்னொரு சங்கதி எனக்கே புதிது. வேகமாகச் சுற்றும் கம்பு கைப்பேசித் திரையில் வில்லாக வளைந்து தெரிகிறது. கேமரா ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் பதிவு செய்வதால் வரும் கோணல் அது. அதனால் நேரலையில் வீச்சைப் பார்த்து ஆசான் கருத்துச் சொல்வதே இல்லை. மெதுவோட்டத்தில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார், அதைப் பார்த்துக் குரல்பதிவில் பதில் போடுகிறார். பேத்திக்கு வந்த ஒன்றை மகள் எனக்குப் போட்டுக் காட்டினாள்: “பாப்பா, வலது குதிகால் தரையை விட்டு எழவே இல்லை. கம்பைக் கீழே வை. காலை மட்டும் செய்து அனுப்பு.” அவ்வளவுதான். நல்லா இருக்கிறது, சூப்பர் என்று பூசி மெழுகவில்லை. எனக்குப் பிடித்துவிட்டது.

சிலம்பக் கம்பு நிற்பவரின் நெற்றி உயரம் இருக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் அதைச் சுற்றினால் மின்விசிறி மிஞ்சாது. ஆகவே தொலைவில் படிப்பவர்களுக்கு முதல் சில மாதங்கள் காலடியும் வெறுங்கையால் செய்யும் குத்துவரிசையும்தான். பிறகு குட்டைக் கம்பு. சில பெற்றோர்கள் பிளாஸ்டிக் குழாயை வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். இவர் அதை வேண்டாம் என்று சொல்வதில்லை, இது ஒன்றுதான் வகுப்பில் எனக்கு ஒப்பவில்லை. குழாய்க்குக் கனமும் இல்லை, பிரம்பின் துள்ளலும் இல்லை. மணிக்கட்டு அதற்குப் பழகிவிட்டால் அப்புறம் திருத்துவது இரட்டை வேலை.

கம்புச் சண்டை, தடுப்பு இரண்டையும் காணொளியில் தொடுவதே இல்லை. தேர்வும் கிடையாது. கொரோனா காலத்தில் ஒரு கராத்தே நிலையம் திரையில் பார்த்தே பட்டை மேல் பட்டையாக வழங்கியது எனக்குத் தெரியும். இடுப்பில் பட்டை ஏறியதே தவிர வித்தை ஏறவில்லை. இவரிடம் தேர்வென்றால் ஊருக்கு வர வேண்டும். தை பிறந்து நாட்டரசன்கோட்டையில் நகரத்தார் கூடி வைக்கும் செவ்வாய்ப் பொங்கலுக்கு வெளியூர்க் குடும்பங்கள் வரும் சமயத்தை ஒட்டி அதற்கென்று தனி வகுப்பு வைக்கிறார். பேத்தி வந்திருந்தாள். எதிரே நின்றது அவளைவிடச் சின்னப் பையன். முதல் அடியிலேயே இவள் கம்பு கையை விட்டுத் தெறித்து வைக்கோற்போருக்குப் பக்கத்தில் விழுந்தது. ஆசான் ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துக் கையில் கொடுத்து, அவள் கட்டைவிரலை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். அடுத்த அடிக்குக் கம்பு நின்றது. “ஐயா, கை விர்ரென்று அதிர்கிறது” என்று என்னிடம் ஓடி வந்து காட்டினாள். அந்த அதிர்வை எந்தத் திரை அனுப்பும்?

இனி குறை. ‘வீட்டு உடற்பயிற்சிக்கூடம்’ என்று ஒரு தொகுப்பை விற்கிறார்கள். ஆசானின் மைத்துனர் யோசனையாம். கையில் பிடித்துச் சுழற்றும் மரக் கர்லாக்கட்டை ஒரு ஜோடி, ஐந்து கிலோ டம்பெல்ஸ் ஒரு ஜோடி, ரப்பர்ப் பட்டை, நுரை விரிப்பு, கதவுநிலையில் மாட்டித் தொங்கும் கம்பி. பேரனுக்காக வாங்கினோம். அந்தக் கம்பி இந்தக் காலத்துச் சன்ன நிலைக்குச் செய்தது. எங்கள் வீட்டுப் பர்மாத் தேக்கு நிலையின் கனத்துக்கு அதன் கொக்கி எட்டவே இல்லை. எட்டினாலும் நிலைமேல் இருக்கும் கஜலட்சுமியின் தலையில் மாட்டிவிட்டுத் தொங்க நான் சம்மதிக்க மாட்டேன். செட்டிநாட்டில் விற்கும் பொருளை ஒரு செட்டிநாட்டு வீட்டு நிலையிலாவது மாட்டிப் பார்த்திருக்கலாம். விரிப்போ, எண்ணெய் போட்டுத் துடைத்த ஆத்தங்குடிக் கல்லில் ஆளோடு சேர்ந்து நகர்கிறது. டம்பெல் கைதவறி விழுந்தால் பூக்கல் போய்விடும், அதே நிறத்தில் மாற்றுக்கல் கிடைப்பது பெரும்பாடு. கம்பியைத் திருப்பிக் கொடுக்கக் கேட்டபோது மைத்துனர் ஏதேதோ சொன்னார். ஆசான் காதுக்குப் போனதும் பணம் வந்தது.

கர்லாக்கட்டை மட்டும் அருமை. பக்கத்து ஊர்த் தச்சர் கடைந்தது. பிடி வழவழப்பாக, கையை அறுக்காமல் இருக்கிறது. தோளுக்கும் மணிக்கட்டுக்கும் அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே எடையில் அனுப்புகிறார்கள். பதின்மூன்று வயதுப் பையனுக்கு அது அதிகம், நான் இலகுவானதாக மாற்றி வாங்கிக்கொண்டேன்.

மற்றபடி நேர் வகுப்புக்கு மாதம் ஐந்நூறு, காணொளிக்கு ஆயிரம். தனித்தனியாகப் படம் பார்த்துப் பதில் சொல்கிறாரே, அதிகமில்லை. ஆசானுக்குச் சரித்திரம் பேசப் பிடிக்கும். எறிந்து தாக்கும் வளரியில் தொடங்கினால் வேலு நாச்சியார் வழியாகப் போய், 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டதில்தான் நிற்பார். கால் மணி நேரம் போய்விடும். எனக்குப் பொறுக்காது. சிங்கப்பூர்ப் பிள்ளைகள் அதைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள் என்கிறாள் மகள்.

அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டில் சிலம்பமும் இருப்பதால், சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்றே கேட்டுக்கொண்டு வரும் பெற்றோர்கள் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்ற பிறகு அந்தக் கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. அவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. சான்றிதழுக்கு இங்கே தேதி சொல்ல மாட்டார்கள்.

ஊரில் இருப்பவர்கள் மாலை வகுப்புக்கே அனுப்புங்கள், காணொளி வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பிள்ளையை அழைத்துவர முடியுமென்றால் சேருங்கள். தொகுப்பை வாங்காதீர்கள். கர்லாக்கட்டையைத் தனியாகக் கேட்டால் தருவார்கள், பிள்ளையின் வயதைச் சொல்லிக் கேளுங்கள். மைத்துனரிடம் அல்ல, ஆசானிடம்.