விஆர் கண்ணாடியில் மேசைப்பந்து: 14 மாதத்துக்குப் பிறகு

நாங்கள் இருப்பது மலேசியாவில் பகாவ் பக்கம், சுற்றிலும் செம்பனைத் தோட்டம். இரண்டாம் படிவம் படிக்கும் என் மகளுக்கு மேசைப்பந்து என்றால் உயிர். ஆனால் எங்களுக்குக் கிடைக்கும் மேசை ஒன்றே ஒன்றுதான். அதுவும் பொது மண்டபத்தில், சனிக்கிழமை காலையில் மட்டும். அன்றைக்கு அங்கே கல்யாணம் இருந்தால் அந்த வாரம் விளையாட்டே இல்லை. அதனால்தான் போன வருடம் 900 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒருவர் பயன்படுத்திய விஆர் கண்ணாடியை வாங்கினேன். கண்ணில் மாட்டினால் மேசையும் பந்தும் எதிரே இருப்பது போலவே காட்டும் மெய்நிகர் கருவி அது.

நல்லதை முதலில் சொல்கிறேன். பக்கவாட்டில் சுழன்று வரும் சர்வீஸ் வந்தாலே முன்பெல்லாம் அவள் பந்தை வலையில் அடிப்பாள், இல்லாவிட்டால் மேசைக்கு வெளியே அனுப்புவாள். கண்ணாடிக்குள் அதே சர்வீஸைச் சலிக்காமல் 200 தடவை எதிர்கொள்ளலாம். மூன்றே மாதத்தில் பந்தையே பார்ப்பதை விட்டுவிட்டு எதிராளியின் பேட் பந்தைத் தொடும் கணத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். அந்தப் பார்வை மண்டபத்து மேசையிலும் அப்படியே கைகொடுத்தது. தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்விலும், விஆரில் பயின்றவர்கள் நிஜ மேசையில் முன்னேறியிருந்தார்கள். ஆனால் அவர்களை ஒப்பிட்டது எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களோடு. அதையும் சேர்த்துப் படித்தால்தான் சரி.

கைக்குத் தெரிய வேண்டியது வேறு. கண்ணாடியோடு வரும் கைப்பிடி, பந்து பட்டதும் அதிர்கிறது. உரசி அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் எங்களுக்குத் தெரிந்தது ஒரே மாதிரியான அதிர்வுதான். நிஜ பேட்டில் 2.7 கிராம் பந்து ரப்பரில் பதிந்து, ஒரு கணம் பிடிபட்டு, அப்புறம்தான் கிளம்பும். என் அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். ரப்பர் இழுபடுவது எப்படி இருக்கும் என்று சின்ன வயதிலேயே என் விரலுக்குத் தெரியும். அந்தப் பிடிப்பை எந்த மோட்டாரும் என் மகளுக்குக் காட்டவில்லை. ஆறு மாதம் கழித்து மண்டபத்தில் அவள் டாப்ஸ்பின் (பந்தை முன்பக்கமாகச் சுழல விடும் அடி) அடித்தபோது கை வீச்சு அழகாக இருந்தது, பந்தில் சுழல்தான் இல்லை.

இன்னொன்று எனக்கு உண்மையிலேயே வலித்தது. விதிப்படி பந்து விரித்த உள்ளங்கையில் இருக்க வேண்டும், 16 சென்டிமீட்டராவது மேலே போட வேண்டும். கண்ணாடியிலோ இடது கையில் பொத்தானை அழுத்திப் பிடித்து, விட்டால்தான் பந்து கிளம்பும். அதே பழக்கத்தில் பள்ளிப் போட்டியில் விரலை மடக்கிச் சர்வீஸ் போட்டாள். நடுவர் இரண்டு புள்ளிகளை எதிராளிக்குக் கொடுத்துவிட்டார். "அப்பா, வீட்டில் அப்படித்தானே போடுகிறேன்" என்று கேட்டாள். அன்றோடு கண்ணாடியில் சர்வீஸ் பயிற்சியை நிறுத்திவிட்டோம். வீட்டில் நிஜப் பந்தைக் கையில் வைத்துச் சுவரைப் பார்த்துப் போடுகிறாள்.

பந்து விழுந்த இடத்தை ஒவ்வொரு அடிக்கும் ஒளிப்புள்ளியாகக் காட்டும் வசதியும் இருக்கிறது. அவள் அந்தப் புள்ளியைப் பார்த்தே அடுத்த அடியைத் திருத்தினாள். அதை அணைத்தால் தடுமாறினாள். உடல் அசைவுகளை எப்படிக் கற்கிறோம் என்று ஆராய்ந்த வின்ஸ்டீன், ஷ்மிட் இருவரும் 1990இல் இதைத்தான் காட்டினார்கள்: ஒவ்வொரு முறையும் விடை சொல்வதைவிடப் பாதி முறை மட்டும் சொன்னால் கற்றது பிறகு நன்றாக நிற்கிறது. இப்போது பத்துப் பந்துக்கு ஒரு முறைதான் புள்ளியைப் போடுகிறோம். அதற்கு முன்னால் "எங்கே விழுந்தது?" என்று கேட்பேன், அவள் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் சண்டைதான். இப்போது பெரும்பாலும் சரியாகச் சொல்கிறாள்.

வசதி பற்றிச் சொல்வதென்றால், ஒரு தடவை சார்ஜ் போட்டால் இரண்டு மணி நேரம் தாங்கும். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் கண்ணாடிக்குள் ஆவி படிகிறது, காற்றாடியை அவள் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். இல்லாத மேசையில் கை ஊன்றப் போய் ஒருமுறை விழுந்தாள். அதனால் பாய் விரித்திருக்கிறோம். எங்கள் பக்கத்து இணையத்தில் ஆட்களோடு ஆடினால் பந்து தாவித் தாவி வருகிறது, அந்தப் பழக்கம் கண்ணுக்கு நல்லதில்லை.

உங்கள் ஊரில் வாரம் மூன்று நாள் மேசை கிடைத்தால் இதை வாங்காதீர்கள், அந்தப் பணத்தில் நல்ல ரப்பர் ஒட்டிய பேட்டும் நூறு பந்தும் வாங்குங்கள். எங்களைப் போல ஒரு நாள்தான் என்றால் வாங்கலாம். செவ்வாயும் வியாழனும் இருபது நிமிடம், சர்வீஸை எதிர்கொள்ள மட்டும்.