ஒன்பது பவுண்டுக்கு ரோத்சே பயணம்: கிளாஸ்கோவில் வசிக்கும் முதியவர்கள் கவனிக்கவும்

கிளாஸ்கோவின் ஸ்பிரிங்பர்ன் பகுதியில், வாரத்தில் பாதி நாள் லிஃப்ட் ஓடாத ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நான் வசிக்கிறேன். வயது எழுபத்து நான்கு. ஏமாந்த கதையை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் எங்களை ஏமாற்றிய அதே துண்டறிக்கை, ஊரும் பெயரும் மாறி, சென்ற வாரம் எங்கள் கட்டடத்தின் கதவுகளுக்குள் மீண்டும் வந்து விழுந்திருப்பதால், நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

பியூட் தீவிலுள்ள ரோத்சே ஊருக்கு ஒரு நாள் பயணம், கப்பல் கட்டணம், மீன் வறுவலுடன் மதிய உணவு, எல்லாம் சேர்த்து ஒன்பது பவுண்டு என்று அந்த அறிக்கை சொன்னது. நாங்கள் மூவர் கிளம்பினோம். ஒருவருக்கு எழுபத்தொன்பது வயது. ஒரு காலத்தில் இந்தியா வரை ரயில் இன்ஜின்களைச் செய்து அனுப்பிய ஸ்பிரிங்பர்ன் தொழிற்சாலையில் பதினைந்து வயதில் பயிற்சிக்குச் சேர்ந்து, 1962இல் அந்த நிறுவனம் மூடப்பட்டபோது வெளியே வந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த ஒரு எஃகு நட்டை இன்றும் சட்டைப்பையில் வைத்திருப்பார். அவரை இன்ஜின்காரர் என்றே அழைக்கிறோம். மற்றவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஆறடி மூன்று அங்குல உயரம். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். ஸ்காட்லாந்தில் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு 2006 முதல் பேருந்து இலவசம் என்பதால், பேருந்தில் காசு கொடுத்து ஏறியதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அப்படிப்பட்டவர் ஒன்பது பவுண்டை எடுத்து நீட்டியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இன்ஜின்காரருக்கோ வேறு ஆசை. ரோத்சே கப்பல்துறையில் 1899இல் ஆண்களுக்காகக் கட்டப்பட்ட, பளிங்கும் பித்தளைக் குழாய்களுமாக மின்னும் கழிப்பறை ஒன்று உண்டு. சிறுவயதில் ஜூலை விடுமுறையில் பெற்றோருடன் போனபோது பார்த்த அதை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் என்றார். கழிப்பறையை நம்பிப் பயணம் திட்டமிடுவது எங்கள் வயதில் விந்தையல்ல.

கிரீனாக்கைத் தாண்டி வீமிஸ் பே கப்பல்துறைக்குப் போக வேண்டிய பேருந்து, வழியில் ஒரு விடுதியின் வளாகத்துக்குள் திரும்பியது. கப்பல் தாமதம், அதுவரை தேநீர் அருந்தலாம் என்றார்கள். கூடத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. மேடையில் ஒரு கட்டில் இருந்தது. கடைசியாக வந்தவர் உட்கார்ந்ததும் கதவைச் சாத்தினார்கள். அடுத்த மூன்று மணி நேரம் காந்த மெத்தை விரிப்பின் பெருமையைக் கேட்டோம். முழங்கால் வலி, தூக்கமின்மை, இரத்த ஓட்டம் என்று அது தீர்க்காத குறையே இல்லை. பக்கவாட்டு ஜன்னல் வழியே, சிவப்புப் புகைபோக்கியுடன் கப்பல்கள் நேரம் தவறாமல் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்று போகும்போதும் இன்ஜின்காரர் எழுந்து நின்று, தாமதமான கப்பல் போகிறது என்று உரக்க அறிவித்தார்.

பிறகு அவர் மேடைக்கே போய், தம் நட்டை அந்த விரிப்பின் மேல் வைத்துச் சாய்த்துக் காட்டினார். நட்டு உருண்டு தரையில் விழுந்தது. விற்பனையாளர் சற்றும் கலங்காமல், இது இரும்பை இழுக்கும் காந்தம் அல்ல, வலியை இழுக்கும் காந்தம் என்றார். கூடமே கைதட்டியது. நானும் தட்டினேன் என்பதை மறைப்பதில் பயனில்லை.

ஒன்று 700 பவுண்டு, இருவர் சேர்ந்து வாங்கினால் இரண்டும் 900 பவுண்டு என்றதும் தபால்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஆளுக்கு 450 என்று பேசிக்கொண்டோம். நான் வங்கியின் டெபிட் அட்டையில் கட்டினேன். அட்டைகளை நம்பாத அவர், கோட்டின் உட்பையில் ஊசி குத்தி வைத்திருந்த ரொக்கத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தார். எங்கள் இருவரையும் நிற்கவைத்து நாடாவால் தலை முதல் கால் வரை அளந்து, ‘தனி அளவில் செய்யப்படும் பொருள், திருப்பித் தர இயலாது’ என்று அச்சிட்ட படிவத்தில் கையொப்பம் வாங்கினார்கள். அந்த நாடாவுக்கு என்ன வேலை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. மீன் வறுவல் மூன்று மணிக்கு வந்தது, ஆறிப்போய். ரோத்சேக்கு இனி நேரமில்லை என்று பேருந்து வீடு திரும்பியது.

ஒன்பது நாள் கழித்துப் பொட்டலங்கள் வந்தன. ஆறடி மூன்று அங்குலத் தபால்காரருக்கும், ஐந்தடி இரண்டு அங்குலமான எனக்கும் ஒரே அளவு விரிப்பு! அவருடைய பாதங்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

ஆலோசனை மையத்தில் ஒரு பெண் படிவத்தைப் படித்துப் பார்த்து விளக்கிய பிறகுதான் நாடாவின் சூட்சுமம் புரிந்தது. வணிகர் தாமே ஏற்பாடு செய்த உல்லாசப் பயணத்தில் விற்கும் பொருளைப் பற்றி, 2014 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் ஒப்பந்த விதிகள் தனியாகவே பேசுகின்றன; எங்களைப் போன்ற பேருந்துக் கூட்டத்தை மனத்தில் வைத்தே எழுதியதுபோல் இருக்கிறது. 42 பவுண்டுக்கு மேற்பட்ட அத்தகைய விற்பனையில், பொருள் கைக்கு வந்ததிலிருந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். அந்த உரிமையை வணிகர் எழுத்தில் தெரிவிக்காவிட்டால் காலக்கெடு மேலும் 12 மாதம் வரை நீளும். வாங்குபவருக்கென்றே தனியாகச் செய்த பொருளுக்கு மட்டும் இது பொருந்தாது. ஆகவேதான் எங்களை அளந்திருக்கிறார்கள். உயரத்தில் ஓரடிக்கு மேல் வித்தியாசமுள்ள இருவருக்கு ஒரே அளவு வந்தது, அந்தப் பொய்யை அவர்களே அவிழ்த்துக் காட்டியதாயிற்று.

ரத்துக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அப்படியொரு முகவரி இல்லை என்று அது திரும்பி வந்தது. அந்த உறையையும் விரிப்புகளை அருகருகே வைத்து எடுத்த படத்தையும் கொடுத்து முறையிட்டதில், என் வங்கி ஆறு வாரத்தில் பணத்தை மீட்டுத் தந்தது. டெபிட் அட்டைக்கு இது சட்டப்படியான உரிமை அல்ல, வங்கியும் அட்டை நிறுவனமும் பின்பற்றும் நடைமுறைதான். 100 பவுண்டுக்கு மேற்பட்ட விலையுள்ள பொருளைக் கடன் அட்டையில் வாங்கியிருந்தால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவே துணை நின்றிருக்கும். தபால்காரரின் ரொக்கம் போனது போனதுதான். அவர் என் விரிப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டு, கால்மாட்டில் குறுக்காகப் போட்டு, 450 பவுண்டு வீணாகவில்லை என்று சாதித்து வருகிறார்.

இம்முறை வந்திருக்கும் அறிக்கை நீல நிறம், மேலே கப்பல் படம், உணவுடன் பதினைந்து பவுண்டு. போகுமிடம் பிளாக்பூல் என்று மாறியிருக்கிறது. நிறுவனத்தின் பெயரும் புதிது. தொலைபேசி எண் மட்டும் பழையதே. உங்கள் வீட்டுக்கோ, உங்கள் பெற்றோர் தனியாக வசிக்கும் வீட்டுக்கோ இது வந்தால், கிழித்துப் போடாமல் எடுத்துவைத்து உள்ளூர் வணிகத் தர அலுவலகத்துக்கு (Trading Standards) கொடுங்கள். ஏற்கெனவே போய்விட்டு வந்தவர்கள் பேருந்தின் எண்ணையும் விடுதியின் பெயரையும் மறப்பதற்குள் எழுதிவையுங்கள். நாங்கள் மூவரும் அவற்றைக் குறித்துக்கொள்ளவில்லை. இன்ஜின்காரருக்கு நினைவில் இருப்பவை கப்பல்கள் புறப்பட்ட நேரங்கள் மட்டுமே.