பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்: 12 மாதம் கட்டி முடித்த பிறகு என் கணக்கு

அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் போக மீதி ஒரு லட்ச ரூபாயைக் கிரெடிட் கார்டில்தான் கட்டினேன். பிறகு அந்தப் பாக்கியை வேறு வங்கியின் கார்டுக்கு மாற்றி, 12 மாத இஎம்ஐயில் அடைத்துவிட்டேன். லாபமா என்றால், லாபம்தான். ஆனால் விளம்பரத்தைப் பார்த்து நினைத்த அளவுக்கு இல்லை.

பழைய கார்டில் வட்டி மாதம் 3.5 சதவீதம். ஒரு லட்சத்துக்கு 3,500 ரூபாய், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 630. ஆக 4,130. மாதம் 5,000 ரூபாய் மட்டும் கட்டினால் அசலில் குறைவது 870 ரூபாய்! போதாததற்கு, பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

புதிய கார்டில் மாதம் 1.3 சதவீதம், குறையும் இருப்பு முறையில், அதாவது மீதி இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி. இஎம்ஐ சுமார் 9,054. ஆண்டு முழுவதற்கும் வட்டி ஏறக்குறைய 8,650, அதற்கு ஜிஎஸ்டி 1,557. பிராசஸிங் கட்டணம் 2 சதவீதம், ஜிஎஸ்டியோடு 2,360. மொத்தச் செலவு சுமார் 12,570 ரூபாய். பழைய கார்டிலேயே வைத்து அதே 12 மாதத்தில் அடைத்திருந்தால் 28,800 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். மிச்சம் 16,000 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். எங்கள் வீட்டுக்கு அது பெரிய தொகை.

கஸ்டமர் கேரில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி, வட்டி ஃப்ளாட்டா (அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி), குறையும் இருப்பா என்பது. ‘மாதம் 1 சதவீதம்தான் சார்’ என்று ஃப்ளாட்டில் சொன்னால், 12 மாதக் கடனுக்கு அது குறையும் இருப்பில் ஏறக்குறைய 1.8 சதவீதம். என்னுடைய 1.3ஐவிட அதிகம். ஆனால் காதுக்குக் குறைவாகக் கேட்கும்.

பணம் போய்ச் சேர்ந்த பிறகும் பழைய கார்டில் ஒரு சின்ன வட்டித் தொகை வந்தது. முந்தைய ஸ்டேட்மென்ட் தேதியிலிருந்து பணம் வரவான நாள்வரைக்குமான வட்டி அது. பாக்கி பூஜ்யம் ஆகிவிட்டது என்று விட்டுவிடாமல் அடுத்த ஸ்டேட்மென்டையும் பாருங்கள். புதிய கார்டில் அந்த ஒரு லட்சம் லிமிட்டும் முடங்கி, இஎம்ஐ கட்டக் கட்டத்தான் திரும்ப வந்தது.

பாதி வழியில் போனஸ் வந்தபோது மொத்தமாக அடைக்கலாமா என்று யோசித்தேன். மீதி அசல் சுமார் 51,900. முன்கூட்டி அடைக்க 3 சதவீதக் கட்டணம், ஜிஎஸ்டியோடு 1,840 ரூபாய். மிச்சமாகும் வட்டியோ ஜிஎஸ்டி சேர்த்தே 2,820. ஆயிரம் ரூபாய்கூடத் தேறவில்லை. போனஸை அம்மாவின் மருந்துச் செலவுக்கு ஒதுக்கிவிட்டு இஎம்ஐயைத் தொடர்ந்தேன்.

வீட்டில் நகை இருந்தால் பொதுத்துறை வங்கி நகைக்கடனே இதைவிட மலிவு. எங்களிடம் இல்லை.

அப்புறம், பழைய கார்டு. அதைக் கையில் வைத்திருந்தால் மறுபடி பாக்கி ஏறும், இரண்டு பக்கமும் கட்ட வேண்டிவரும். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி. மின்னஞ்சலில் இதைக் குறிப்பிட்டே கேட்டேன், கெடுவுக்குள் மூடிக் கொடுத்தார்கள்.