'அப்ளிகேஷன்' ஜெர்மனில் என்ன? நான்கு அகராதித் தளங்களுடன் என் அனுபவம்

ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மொழிபெயர்க்கும் வேலைக்கு லியோ, டிக்ட்.சிசி, லிங்குவே, டிடபிள்யூடிஎஸ் ஆகிய நான்கு தளங்களையும் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். நான்கையும் இலவசமாகவே பார்க்கலாம். பல பொருள் உள்ள சொல் வந்தால் எது கைகொடுக்கும் என்பதற்கு 'அப்ளிகேஷன்' நல்ல உதாரணம்.

வேலை கேட்டு அனுப்பினால் அது பெவெர்புங். அரசு அலுவலகத்தில் கொடுத்தால் ஆன்ட்ராக். கணினியில் இயங்கும் மென்பொருள் என்றால் ஆன்வென்டுங். களிம்பைப் பயன்படுத்தும் முறைக்கும் அதே சொல்தான். முதல் இரண்டையும் மாற்றிப் போட்டால் படிப்பவர் குழம்பிப்போவார்.

மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்த லியோ சட்டென்று முழுப் பட்டியலையும் காட்டும். ஆனால் பட்டியலைப் பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது. டிக்ட்.சிசியில் பல சொற்களுக்குப் பக்கத்தில் சட்டம், கணினி, மருத்துவம் என்று துறைக் குறிப்பு இருக்கும். பயனர்களே சேர்த்து, சரிபார்த்து வளர்த்த அகராதி அது. அந்தச் சின்னக் குறிப்பு பாதி வேலையை முடித்துவிடும்.

லிங்குவே 2009-இல் வந்தது, டீப்எல் என்ற இயந்திர மொழிபெயர்ப்புத் தளமும் இதை உருவாக்கிய நிறுவனத்தினுடையதுதான். சொல்லை இரு மொழி வாக்கியங்களுக்குள் வைத்துக் காட்டுவது இதன் பலம். வாக்கியங்கள் இணையத்திலிருந்து திரட்டப்பட்டவை, அதனால் மூலம் எந்தத் தளம் என்று பார்த்துவிட்டு எடுப்பதே நல்லது.

எனக்கு மிகவும் பிடித்தது பெர்லினின் அறிவியல் கழகம் நடத்தும் டிடபிள்யூடிஎஸ். ஒரு பெயர்ச்சொல்லோடு வழக்கமாக எந்த வினை சேரும் என்று இதன் சொல் விவரப் பகுதி காட்டும். ஆன்ட்ராக் என்றால் ஷ்டெலன் என்ற வினையோடு வரும், ஆன்வென்டுங் என்றால் ஷ்டார்ட்டன். ஆங்கிலத்தில் ஒன்றாக இருந்த சொல் ஜெர்மனில் பிரிவது பெயர்ச்சொல்லோடு நிற்பதில்லை, வினையும் மாறுகிறது. சொல்லைச் சரியாகப் பிடித்து வினையைக் கோட்டைவிட்டால் வாக்கியம் ஜெர்மனாகவே ஒலிக்காது. இந்த ஒரு வசதிக்காகவே இதை யாருக்கும் பரிந்துரைப்பேன்.

ஆனால் அது முழுக்க ஜெர்மனிலேயே இருக்கும். ஜெர்மன் கற்பதில் பி1 என்ற இடைநிலையைத் தாண்டாதவர்களுக்குச் சிரமம். அவர்கள் கிடைத்த சொல்லை லியோவில் ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்பித் தேடிப் பார்க்கலாம். ஆன்ட்ராக்கைத் தேடினால் நாடாளுமன்றத் தீர்மானம், திருமணத்துக்குச் சம்மதம் கேட்பது எல்லாம் வரும். 'முறையாக முன்வைத்துக் கேட்பது' என்ற அடிப்படை அப்போது பிடிபடும்.