தாத்தாவின் ஆடும் நாற்காலி: பாப்பாவோடு 15 மாதங்கள்

இது கடையில் வாங்கக் கிடைக்கும் பொருள் அல்ல. தாத்தா போனபின் மாடிப்படிக்கு அடியில் பழைய போர்வை மூடிக் கிடந்த மர ஆடும் நாற்காலி. பாப்பா பிறப்பதற்கு மூன்று வாரம் முன்பு வேறு எதையோ தேடப் போனவன், இதை இழுத்து வெளியே போட்டேன். அன்றிலிருந்து தினமும் பயன்பாட்டில் இருக்கிறது. முதல் நான்கு மாதங்களில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் இதில் உட்கார்ந்திருப்பேன். இன்னும் சில நாளில் இது சித்தி மகள் வீட்டுக்குப் போகிறது. அவளுக்கு அடுத்த மாதம் குழந்தை. வண்டியில் ஏற்றுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எடுத்த நாளில் இருந்த நிலை: மரம் உறுதி, இணைப்புகள் தளர்வு. முதுகுப் பலகையில் ஒரு சட்டம் கையால் ஆட்டினால் ஆடியது. இடது கைப்பிடியில் பாலிஷ் முழுக்கத் தேய்ந்து வெறும் மரம் தெரிந்தது, வலது பக்கம் அவ்வளவு இல்லை. அடியில் இருக்கும் வளைவுக்கட்டை இரண்டில், வலது கட்டையின் முன்முனையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பள்ளம். யாரோ எங்கேயோ இடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உட்காரும் பலகை தரையிலிருந்து 38 செ.மீ. உயரம்தான். என்னைப் போன்ற ஆறடி ஆள் உட்கார்ந்தால் முழங்கால் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். தாத்தாவும் நெட்டைதான். இது அவருக்கு எப்படி வசதியாக இருந்தது என்ற கேள்வி அப்போதே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தயார்ப்படுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது. ஸ்க்ரூக்களை இறுக்கி, ஆடிய சட்டத்துக்குப் பசை வைத்து ஒரு நாள் கட்டிப்போட்டு, ஈரத்துணியால் துடைத்தேன். இதில் பாலிஷ் மட்டும்தான், பெயின்ட் இல்லை. பெயின்ட் அடித்த பழைய நாற்காலியை இறக்குகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். குழந்தை இருக்கும் வீட்டில் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் வீடெல்லாம் படியும்.

எனக்கு இந்த நாற்காலி என்றால் தாத்தாதான். பேப்பரை எட்டாக மடித்து ஒரே கையில் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருப்பார். ரேடியோவில் செய்தி ஆரம்பித்தால் ஆட்டம் நிற்கும், முடிந்தால் மறுபடி தொடங்கும். சமையலறையில் இருப்பவர்களுக்கு ரேடியோ கேட்காவிட்டாலும் செய்தி முடிந்தது தெரிந்துவிடும். நான் பின்பக்கம் வளைவுக்கட்டைமேல் ஏறி நின்று வண்டி ஓட்டுவேன், அவர் கண்டுகொள்ளமாட்டார். ஆறு வயதிலோ ஏழு வயதிலோ ஒருநாள் என் எடை தாங்காமல் நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்தது. நான் முன்கூட்டியே குதித்துவிட்டேன். தாத்தா கால் இரண்டும் கூரையைப் பார்க்க மல்லாந்து கிடந்தார். பேப்பரை மட்டும் விடவில்லை. அப்படியே இரண்டு வரி படித்துவிட்டுத்தான் "தூக்குடா" என்றார்.

சரி, பயன்பாட்டுக்கு வருகிறேன்.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதைச் சில்லறையாக மாற்றி இரண்டு மணி, மூன்று மணி என்றுதான் தரும். எங்கள் வீட்டு ஏற்பாடு இது: இரவில் பாலூட்டுவது மனைவி, அதன்பின் ஏப்பம் எடுத்துத் தூங்க வைத்துக் கிடத்துவது நான். முதல் இரண்டு வாரம் சுலபமாகவே போனது. அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் இறங்கும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். சொன்னது தெரிந்திருந்ததில் ஒரே லாபம், "இது நம்ம தப்பு இல்லை" என்று இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொள்ள முடிந்தது.

நாற்காலி தன் விலையைக் காட்டியது அந்த வாரங்களில்தான். இடது கையில் தலையைத் தாங்கி, முழங்கையைக் கைப்பிடியில் ஊன்றிக்கொண்டால் தோள் வலிப்பதில்லை. பாப்பாவின் முகத்துக்கும் என் முகத்துக்கும் இடையே சரியாக ஒரு முழத்துக்கும் குறைவு. பச்சைக்குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும் என்பதால், அவள் பார்க்கக்கூடிய ஒரே காட்சி தாடி மழிக்காத என் முகம். பாவம்.

வீரிட்டு அழும்போது ஆட்டம் மட்டும் போதவில்லை. 2022-இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடா குழுவினர் 21 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு கைகொடுத்தது. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். தூங்கியதும் உடனே கிடத்தாமல் 5 முதல் 8 நிமிடம் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதன்பின் கிடத்தலாம். குழந்தை விழித்துக்கொள்வது முதுகு படுக்கையில் படும்போது இல்லையாம். நம் உடம்பிலிருந்து பிரிய ஆரம்பிக்கும் நொடியிலேயே அதன் இதயத்துடிப்பு மாறிவிடுகிறதாம். ஆகவே என் வழக்கம்: கூடத்தில் ஐந்து நிமிட நடை, நாற்காலியில் எட்டு நிமிடம், முதல் பாதி மெல்லிய ஆட்டம், மறுபாதி அசையாமல். எல்லா நாளும் பலித்தது என்று சொல்லமாட்டேன். பத்து நாளில் ஆறு ஏழு நாள் பலித்தது. அந்த வயதில் அது பெரிய விஷயம்.

இந்த நாற்காலியின் ஆகப்பெரிய குறை எழுந்திருப்பதுதான். எழுவதற்கு முன்னால் சாய்கிறோம், நாற்காலியும் கூடவே சாய்கிறது. நாம் விலகியதும் பின்னால் போய் 'டொக்' என்று விழுந்து, கிறீச் கிறீச்சென்று நாலு தடவை ஆடி நிற்கும். இருபது நிமிட உழைப்பு அந்த ஒரு 'டொக்'கில் போய்விடும். எண்ணெய் விட்டேன், மெழுகு தேய்த்தேன், அடியில் துணியை மடித்து வைத்தேன். துணி வைத்தால் ஆட்டமே வரவில்லை.

நாற்பதாவது இரவோ என்னவோ, தூக்கக் கலக்கத்தில் எழும்போது வலது கால் தானாகப் போய் வளைவுக்கட்டையின் முன்முனைமேல் பட்டது. அழுத்திக்கொண்டே எழுந்தேன். நாற்காலி முன்சாய்ந்தபடியே நின்றது. காலை மெல்ல மெல்லத் தளர்த்தினேன், சத்தமில்லாமல் பின்னால் போய் அமர்ந்தது. பாப்பாவைக் கிடத்திவிட்டுத் திரும்பி வந்து மொபைல் வெளிச்சத்தில் பார்த்தேன். நான் கால் வைத்த இடம் அந்தப் பள்ளம்தான். இடித்து வந்த பள்ளம் இல்லை அது.

மறுநாள் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன், தாத்தா என்னைத் தூங்க வைத்துத் தேய்ந்த தேய்மானம் என்று.

அம்மாவுக்குச் சிரிப்புத் தாளவில்லை. "தாத்தாவா? குழந்தை அழுதா பேப்பரை எடுத்துக்கிட்டு வெளிய போயிடுவாருடா அவரு. பகல்லதான் அது தாத்தா நாற்காலி. ராத்திரி ஆனா பாட்டியோடது. நான், உன் மாமா, சித்தி, அப்புறம் நீ, எல்லாரும் பாட்டி மடியிலதான். எழுந்து போறது யாருக்கும் கேட்காது."

"அப்போ இடது கைப்பிடி?"

"அது தாத்தா பேப்பர் படிச்சது" என்றார் அம்மா. அதையாவது அவருக்கு விட்டுக்கொடுத்தார்.

பாட்டி ஐந்தடிகூட இல்லை. 38 செ.மீ. பலகை யாருக்காக என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு நாலு வயதில் அவர் போய்விட்டார். நினைவில் இருப்பது ஒன்றே ஒன்று, சட்டைப் பொத்தானைக் கீழிருந்து மேலாகப் போட்டுவிடுவார். அப்படிப் போட்டால் மேலே வந்து ஒரு பொத்தான் மிஞ்சாது. நானும் இன்றுவரை அப்படித்தான். பாப்பாவுக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த நாற்காலியை நம்பக்கூடாது. இதில் குழந்தையோடு நாம் தூங்கிவிடக்கூடாது. மூன்றாவது மாதத்தில் ஒரு விடியற்காலை கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது பாப்பா என் கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே சரிந்து, முகம் என் சட்டைக்குள் புதைந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் கை நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் ஆனது. சோபாவிலும் சாய்வு நாற்காலியிலும் குழந்தையோடு தூங்கிப்போவது மூச்சடைப்பு ஆபத்தைப் பல மடங்கு கூட்டும் என்று குழந்தை மருத்துவர்கள் எல்லோரும் சொல்வதுதான். குழந்தைக்கான இடம் தலையணை இல்லாத, சமமான, கெட்டியான படுக்கை. அதிலும் மல்லாந்துதான். அன்றிலிருந்து உட்காரும்போதே 15 நிமிடத்துக்கு மொபைலில் அதிர்வு அலாரம் வைத்துவிடுவேன். கண் சொக்கினால் மனைவியை எழுப்பிவிடுவேன். அவள் திட்டினால் திட்டட்டும்.

ஐந்தாம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரை சொல்ல ஒன்றுமில்லை. நன்றாக ஓடியது.

எட்டாம் மாதம் தவழ ஆரம்பித்ததும் அதே நாற்காலி எதிரியானது. வளைவுக்கட்டைக்குக் கீழே பிஞ்சு விரல் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எதையாவது பிடித்து எழுந்து நிற்கும் வயது அது. இதைப் பிடித்து நின்றால் இது முன்னால் வந்து கவிழும். உட்காராத நேரத்தில் சுவரைப் பார்க்கத் திருப்பி, இரு பக்கமும் வளைவுக்கட்டைக்கு அடியில் மர ஆப்பு வைத்தேன். ஆளில்லாமல் நாற்காலி திறந்த இடத்தில் நிற்கவே கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஒரு தடவை நானே மறந்தேன். நல்லவேளை, மாட்டியது அவள் பொம்மையின் கால்.

இப்போது பாப்பாவுக்கு 15 மாதம். நடக்கிறாள். மடியில் எட்டு நிமிடம் என்ன, எட்டு நொடி உட்காரமாட்டாள். நாற்காலி எங்களுக்கு வேலை முடிந்தது.

மதிப்பெண் கேட்டால், முதல் ஆறு மாதத்துக்குப் பத்துக்கு ஒன்பது. எழும்போது வரும் சத்தத்துக்கு ஒன்று கழித்தேன். தவழும் வயதுக்கு மூன்றுக்குமேல் தரமாட்டேன். புதிதாக ஒன்றை இதற்கென்றே வாங்கலாமா என்று கேட்டால், இடம் இருந்தால், இரவு வேலையை இருவர் பகிர்ந்துகொள்வதாக இருந்தால் வாங்கலாம். பலகை உயரத்தை மட்டும் அதிகம் உட்காரப்போகிறவரின் முழங்காலுக்கு அளந்து பாருங்கள்.

தங்கச்சி, உனக்கு மட்டும் கொஞ்சம். ஸ்க்ரூக்களை மாதம் ஒருமுறை கால் சுற்று இறுக்கு, அதற்குமேல் வேண்டாம், மரம் பிளந்துவிடும். ஆப்பு இரண்டையும் பையில் போட்டு முதுகுச் சட்டத்தில் கட்டியிருக்கிறேன். நீ பாட்டி உயரம், பலகை உனக்குப் பொருந்தும். நாற்காலி நேராக வாசலில் நுழையாது. ஒருக்களித்துச் சாய்த்து, முதுகுப் பலகை முதலில் போகும்படி இருவர் பிடிக்க வேண்டும். வலது முன்முனை சுவரில் இடிபடாமல் பார்த்துக்கொள்.